ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் போய்விடும்: லோரிக்காரர்கள் கவனத்திற்கு

போர்ட் கிள்ளான் நார்த்போர்ட்டிலும் புலாவ் இண்டா வெஸ்ட்போர்ட்ஸிலும் இரவு பகலாகச் சரக்கு ஏற்றும் லோரிகளை நம்மவர்கள் பலர் ஓட்டுகிறார்கள். எஞ்சினையும் டயரையும் பார்க்கும் அளவுக்கு, அடியில் சுழலும் புரோப்பெல்லர் ஷாஃப்ட்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்வது இதுதான். பள்ளம் மேட்டில் பின் அச்சு ஏறி இறங்கும் என்பதால் ஷாஃப்ட்டின் முனைகள் வளைந்து கொடுக்க வேண்டும். அதற்காகவே கவை போன்ற யோக்குகளும், அவற்றுக்கு நடுவே சிலுவை வடிவ கிராஸ் ஜாயிண்டும் உள்ளன. சிலுவையின் 4 முனைகளிலும் உள்ள மூடிகளுக்குள் ஊசி பேரிங் இருக்கும். கிரீஸ் வற்றினால் அது தேயும். வெள்ள நீரில் நின்ற வண்டி என்றால் இன்னும் சீக்கிரம்.

கிளட்ச்சை விட்டதும் அடியில் 'டக்' என்ற சத்தம், மெதுவாகப் போகும்போது கீச்சொலி, வேகத்தில் நடுக்கம், மூடியைச் சுற்றிச் செம்மண் நிறத் துருப்பொடி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். அடுத்த புஸ்பாகோம் சோதனை வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். ஓடும்போது ஷாஃப்ட் அறுந்தால் பக்கத்தில் போகும் பிரேக் குழாயையும் அடித்து நொறுக்கக்கூடும்.

கழற்றும் வேலையில்தான் உயிருக்கு ஆபத்து. இசூசு, ஹினோ, கேன்டர் போன்ற சிறிய லோரிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸின் பின்னால் இருக்கிறது. அது ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்துகிறது, ஷாஃப்ட் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. போல்ட்டைக் கழற்றியதும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். கியரில் போட்டிருந்தாலும் பயனில்லை. இலேசான சரிவு போதும், அடியில் படுத்திருப்பவர் மேல் வண்டி உருண்டுவிடும். சாலையோரம் பழுதான வண்டியை இழுத்துச் செல்வதற்காக ஷாஃப்ட்டைக் கழற்றும்போதும் இதே நிலைதான். எனவே சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். சாலையில் கிடைக்கும் கல்லை நம்பாதீர்கள். தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்பான வேலை முறைக்கு ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் அச்சட்டம் சிறிய பட்டறைகளுக்கும் பொருந்துகிறது.

அடுத்தது அடையாளம். கழற்றுமுன் ஷாஃப்ட்டிலும் ஃபிளேஞ்சிலும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் பகுதியிலும் பெயிண்டால் கோடு போடுங்கள். சாய்வாகச் சுழலும் கிராஸ் ஜாயிண்ட் ஒரு சுற்றில் இரு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயிண்ட் அதைச் சமன் செய்கிறது. ஒரு பல் மாறி மாட்டினாலும் யோக்குகளின் நேர் தவறி, வண்டி நடுங்கத் தொடங்கும். புது ஜாயிண்ட் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஷாஃப்ட்டில் ஒட்டியிருக்கும் சிறு தகடு அழுக்கு அல்ல, பேலன்ஸ் எடை, சுரண்டக்கூடாது.

கிரீஸ் அடிக்கும்போது 4 மூடிகளிலும் புதுக் கிரீஸ் பிதுங்கும் வரை அடியுங்கள். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது. யோக்கின் துளை தேய்ந்து மூடி ஆடினால் யோக்கையே மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்து ஓட்டுவது சிக்கனம் அல்ல.

செம்பனைத் தோட்டத்து டிராக்டரின் பின்னால் சுழலும் பிடிஓ ஷாஃப்ட்டிலும் இதே ஜாயிண்ட்தான். அது பொதுவாக நிமிடத்திற்கு 540 சுற்று சுற்றும். பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் சட்டை நுனி சிக்கிய நொடியில் ஆளையே சுருட்டிவிடும். எஞ்சினை நிறுத்தாமல் பக்கத்தில் போகாதீர்கள்.