கெடில்ஸ்டன் மாளிகை

கல்கத்தாவில் வாழும் நம்மவர் பலர், எஸ்பிளனேடு பக்கமாகச் செல்லும்போது, வேலிக்கும் மரங்களுக்கும் அப்பால் குவிமாடத்துடன் நிற்கும் பெருமாளிகை ஒன்றைக் கண்டிருப்பர். மேற்கு வங்க ஆளுநர் உறையும் அம்மாளிகை 1803ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அதன் அமைப்பு வங்கத்தில் தோன்றியதன்று. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பிஷயர் வட்டாரத்தில், பரந்த புல்வெளியின் நடுவே நிற்கும் கெடில்ஸ்டன் என்னும் நாட்டுப்புற மாளிகையே அதற்கு மூலமாகும்.

நாட்டுப்புற மாளிகை என்றவுடன், நகரத்துச் செல்வர் ஓய்வுக்காகக் கட்டிக்கொண்ட வீடு என்று நாம் எண்ணிவிடலாகாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலமே பெருஞ்செல்வம். நிலமுடையோரிடமே பாராளுமன்றச் செல்வாக்கும் இருந்தது. அச்செல்வாக்கை ஊரறியக் காட்டும் கருவிதான் மாளிகை. கெடில்ஸ்டனில் கர்ஸன் குடும்பத்தார் 12ஆம் நூற்றாண்டு முதலே வாழ்ந்து வந்தனர். 1758இல் உரிமை பெற்ற நத்தானியல் கர்ஸன் என்பவர், முன்னோர் வீட்டை இடித்துவிட்டுப் புதியதொன்றைத் தொடங்கினார். அதே வட்டாரத்தில், எதிர்க்கட்சியைச் சேர்ந்த டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகை ஓங்கி நின்றது. அதற்கு ஈடு காட்டவேண்டும் என்பதே கர்ஸனின் வேட்கை.

வீட்டின் முன்னே காட்சி விரிய வேண்டுமென்று, அருகிலிருந்த சிற்றூரையே அப்புறப்படுத்தினர், நெடுஞ்சாலையையும் விலக்கினர். பழைய மாதாகோயில் மட்டும் இருந்த இடத்திலேயே விடப்பட்டது. இன்று அம்மாளிகையின் சுவரை ஒட்டி அது தனித்து நிற்பதன் காரணம் இதுவே. இடம்பெயர்ந்த குடியானவர்கள் என்ன எண்ணினரோ, மாளிகையின் பெருமையைப் பேசுவோர் அதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

பிரெட்டிங்ஹாம், ஜேம்ஸ் பெயின், ராபர்ட் ஆடம் ஆகிய மூவர் ஒருவர்பின் ஒருவராக இதில் பணியாற்றினர். இறுதியில் வேலை முழுவதும் ஆடமின் கைக்கு வந்தது. அவர் இத்தாலியில் பண்டை ரோமரின் கட்டடங்களை நேரில் ஆராய்ந்து திரும்பிய இளைஞர். வடக்கு முகப்பில் பெயினின் திட்டப்படி ஆறு பெருந்தூண்கள் கோயில் முகப்பைப் போல் நிற்கின்றன. தெற்கு முகப்போ ஆடமின் படைப்பு. ரோமாபுரியிலுள்ள கான்ஸ்டன்டைன் பேரரசனின் வெற்றி வளைவைத் தழுவியது.

உள்ளே நுழைந்தவுடன் வருவது சலவைக்கல் மண்டபம். ஏறக்குறைய 25 அடி உயரமுள்ள இருபது தூண்கள் இருமருங்கும் அணிவகுக்கின்றன. அவை அலபாஸ்டர் என்னும், செந்நிற வரியோடிய மென்கல்லால் ஆனவை. சுவரில் சாளரங்கள் இல்லை; ஒளி கூரையிலிருந்தே இறங்குகிறது. ரோமர் வீட்டு முற்றத்தை நினைவூட்ட ஆடம் கையாண்ட உத்தி இது. அதனை அடுத்து வட்டவடிவான கூடம். அதன் குவிமாடம் 62 அடி உயரம். அழகில் குறைவில்லை. ஆயினும் இங்கே யார் குடியிருப்பார்? உண்மையில் யாரும் குடியிருக்கவில்லை. நடுமாளிகை விருந்தினர் கண்டு வியப்பதற்கே. குடும்பத்தார் பக்கத்திலுள்ள சிறு மாளிகை ஒன்றில் வாழ்ந்தனர். எதிர்ப்பக்கத்துச் சிறு மாளிகையில் சமையற்கட்டு. வளைந்த நடைகள் இவ்விரண்டையும் நடுமாளிகையோடு இணைத்தன. சமைத்த உணவு அந்நடையைக் கடந்து மேசைக்கு வருமுன் ஆறியிருக்கும் என்பது நம் ஊகம்.

1777இல் இங்கு வந்த அறிஞர் ஸாமுவல் ஜான்ஸன், இது நகரமன்றமாக நன்கு பயன்படும் என்றும், தூண்மண்டபத்தில் நீதிபதிகள் அமரலாம் என்றும் கூறினாராம். அவர் இகழ்ச்சியாகச் சொன்னது, கால் நூற்றாண்டு கழிந்து கல்கத்தாவில் ஒருவாறு உண்மையாயிற்று.

தலைமை ஆளுநராக வந்த வெல்லெஸ்லி பிரபு, கம்பெனியார் ஆட்சிக்கு அரசவைக்குரிய தோற்றம் வேண்டும் என்று கருதி, 1799இல் புதிய மாளிகையைத் தொடங்கினார். திட்டம் வகுத்தவர் சார்லஸ் வையட் என்னும் படைப் பொறியாளர். கெடில்ஸ்டன் கட்டட வேலையை மேற்பார்த்த ஸாமுவல் வையட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். ஆகவே மூலப்படம் அவருக்குப் புதிதன்று. கல்லுக்குப் பதில் செங்கல்லும் சுதையும் வந்தன. வங்கத்து வெப்பத்துக்கு இவ்வமைப்பு மூலத்தைக் காட்டிலும் பொருந்தியது என்பதே வியப்பு. தனித்தனியே நீண்ட சிறகுகளுக்குள் காற்று பல பக்கமும் புகுந்தது. சமையற்கட்டு மட்டும் மாளிகைக்கு வெளியே போய்விட்டது! இச்செலவைக் கண்டு லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் சினமுற்றனர். வெல்லெஸ்லி 1805இல் பதவி நீங்கினார்.

கெடில்ஸ்டனில் 1859இல் பிறந்த ஜார்ஜ் நத்தானியல் கர்ஸன், 1899இல் வைஸ்ராயாகக் கல்கத்தா வந்தபோது, தாம் பிறந்த வீட்டின் சாயலிலேயே குடிபுகுந்தார். வங்கத்தை 1905இல் பிரித்தவரும் அவரே. 1925இல் மறைந்த அவரது உடல், ஊர் பெயர்ந்தும் பெயராது நின்ற அந்தப் பழைய மாதாகோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. மாளிகை 1987 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தின் பாதுகாப்பில் இருந்து வருகிறது.

கெடில்ஸ்டனின் முதல் திட்டத்தில் நான்கு மூலைக்கும் நான்கு சிறு மாளிகைகள் இருந்தன. வடக்கே இரண்டு எழுந்தன. இசைக்கூடம் முதலியவற்றுக்காகத் தெற்கே வகுத்த இரண்டும் எழவேயில்லை. நான்கையும் முழுமையாகக் காண விரும்புவோர் கல்கத்தாவிலேதான் காணலாம். டார்பிஷயரில் அவ்விடம் இன்றும் வெறும் புல்தரையாகவே இருக்கிறது.