பழைய பவர் டில்லர்: ஓட வைப்பதற்கு முன் நிறுத்த வைக்கணும்

அமெரிக்காவில் பழைய கார்டன் டிராக்டரை வீட்டு ஷெட்டில் வைத்துப் புதுப்பிப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு. திண்டுக்கல் பக்கம் அந்த இடத்தில் இருப்பது பவர் டில்லர். நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டமோ வத்தலக்குண்டு தென்னந்தோப்போ, பெரிய டிராக்டர் திரும்ப முடியாத சந்துகளில் இதுதான் நுழையும். உட்கார்ந்து ஓட்டுவதைவிடப் பின்னாலேயே நடப்பதுதான் அதிகம்.

மண்ணைச் சுழல் கத்தியால் கொத்தும் யோசனை ஜப்பானில் பிறந்தது இல்லை. சுவிட்சர்லாந்தின் கொன்ராட் ஃபொன் மேயன்பர்க், ஆஸ்திரேலியாவின் ஆர்தர் ஹோவர்ட் இருவரும் 1910ஐ ஒட்டிய வருடங்களில் தனித்தனியாக இதில் இறங்கினார்கள். நம்ம ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கும் 'ரோட்டவேட்டர்' ஹோவர்ட் கம்பெனி வைத்த பெயர். அதைச் சின்ன வயல்களுக்கான நடை டிராக்டராகப் பரப்பியது ஜப்பான். மிட்சுபிஷி கூட்டில் 1967ல் பெங்களூரில் வி.எஸ்.டி. தொடங்கியது. குபோட்டா தொழில்நுட்பத்தோடு 1973ல் கேரளத்தில் காம்கோ வந்தது. நான் பிரித்து மாட்டியது காம்கோவின் கே.எம்.பி. 200, 12 எச்.பி., ஒற்றை சிலிண்டர் டீசல், கையால் ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணுவது.

அமெரிக்கக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கேதான் சிக்கல். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோல். சாவியைத் திருப்பினால் ஸ்பார்க் போய்விடும், என்ஜின் நின்றுவிடும். டீசலில் ஸ்பார்க்கே கிடையாது. எரிய ஏதாவது கிடைக்கிற வரை அது ஓடும். பல வருடம் மாட்டுக்கொட்டகையில் கிடந்த என்ஜினில், எவ்வளவு டீசல் போகலாம் என்று கட்டுப்படுத்தும் பம்பின் ராக் பிசின் பிடித்து ஒட்டியிருக்கும். அது முழு டீசல் விடும் நிலையில் ஒட்டியிருந்து என்ஜினும் ஸ்டார்ட் ஆகிவிட்டால், கவர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. வேகம் ஏறிக்கொண்டே போகும். கனமான ஃப்ளைவீல் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

அதனால் என் வரிசையில் முதல் வேலை, பம்பின் ராக் விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய்வருகிறதா என்று பார்ப்பது. அடுத்து, ஆக்சிலரேட்டர் லிவரை 'ஸ்டாப்' வரை இழுத்தால் ராக்கும் கடைசி வரை வருகிறதா. முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிடுவேன், இன்டேக் வாயைப் பூராவும் மூடும் அளவுக்கு ஒரு பலகைத் துண்டு கையில் இருக்கும். கையை வைத்து மூடவே கூடாது, உறிஞ்சும் வேகம் அப்படி. டீசல் காக்கை மூடினால் போதாதா? ட்யூபில் மிச்சம் இருக்கிற டீசல் தீரும்வரை ஓடும். ஆயில் பாத் ஏர் கிளீனரில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தால் அந்த ஆயிலையே குடித்தும் ஓடும். காற்றை அடைத்தால் மட்டும்தான் நிச்சயம்.

இனி ஜாம் ஆன பிஸ்டன். நாசிலைக் கழற்றி, கெரசினும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிடணும், இது எல்லோரும் சொல்வது. ஆனால் இந்த என்ஜினில் சிலிண்டர் படுத்த நிலையில் இருக்கிறது. ஊற்றியதெல்லாம் அடிப்பக்கம் தேங்கும், மேல்பக்க ரிங் காய்ந்தே கிடக்கும். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து, ஹெட் மேலே வருகிற மாதிரி சாய்த்து வைத்தேன். ஐந்தாறு நாள். பிறகு ஃப்ளைவீலை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் போதும், சுத்தியலுக்கு வேலையில்லை. விடுபட்டதும் நாசிலை மாட்டாமலேயே பல சுற்று சுற்றி, உள்ளே இருக்கும் திரவத்தை வெளியேற்றணும். திரவம் அமுங்காது. மாட்டிச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

நாசிலை டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் பண்ணக் கொடுத்துவிடுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேலான அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் அவசர சிகிச்சை வேண்டிய காயம் அது.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். தண்ணீர் சுற்றும் பாதை முழுக்க வெள்ளைப் படிவு. பாத்ரூம் ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், அது அலுமினியத்தை அரித்துவிடும். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றினேன். இப்போது மழைத்தண்ணீர்தான்.

புல்லியைத் தண்டோடு பிடித்துவைக்கும் சின்ன இரும்புத் துண்டை ஒர்க்‌ஷாப்பில் 'கீ' என்பார்கள். அது தேய்ந்திருந்தது. 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊர் இது, அரம் ராவத் தெரிந்த கைக்கா பஞ்சம்? வயதான ஒரு பூட்டுத் தொழிலாளி அரை மணி நேரத்தில் ராவிக் கொடுத்தார். ("சாவிதானே தம்பி, எதுக்குப் போட்டா என்ன" என்றார்.)

ஸ்டார்ட் பண்ணும்போது கட்டைவிரல் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே இருக்கட்டும். ஹேண்டிலைச் சுற்றிப் பிடித்தால் உதைக்கும்போது விரல் போகும்.

ஓடிய பிறகும் ஒரு விஷயம் பாக்கி. கைப்பிடியில் இரண்டு ஸ்டியரிங் கிளட்ச் இருக்கும். சமதளத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்குச் சக்தி போகாது, வலது சக்கரம் தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழ். விடுபட்ட இடது சக்கரம் தன் போக்கில் வேகமாக உருள, வலது சக்கரத்தை என்ஜின் பிடித்துக்கொள்ளும். வண்டி வலப்பக்கம் திரும்பும்! வாய்க்கால் கரையிலிருந்து இறக்கும்போது பழகிய ஆட்களே தடுமாறுவது இதனால்தான். இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல், முதல் கியரில், கைப்பிடியைத் தள்ளியே திருப்பணும்.

பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. ஒரு பருவம் உழுத பிறகு எங்கெங்கே ஆயில் கசிகிறது என்று தெரிந்துவிடும், அதைச் சரி பண்ணிவிட்டுத்தான் சிவப்பு.