தலைச் சாய்வும் கண்ணின் தசையும்

வகுப்பில் ஒரு பிள்ளை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே கரும்பலகையைப் பார்த்தால், "நிமிர்ந்து உட்கார்" என்று அதட்டுவது ஆசிரியர்களின் வழக்கம். வீட்டிலோ, பாட்டிமார் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவுவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: இத்தகைய பிள்ளைகளுள் சிலருக்குக் கழுத்தில் யாதொரு கோளாறும் இல்லை. கோளாறு கண்ணில் இருக்கிறது. ஒரு பொருள் இரண்டாகத் தோன்றாதிருக்கும்பொருட்டே அவர்கள் தலையைச் சாய்க்கிறார்கள்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. நான்கு நேர்தசைகள்; இரண்டு சாய்தசைகள். இவற்றுள் மேல்சாய்தசையின் அமைப்பு விந்தையானது. கண்குழியின் பின்புறத்திலிருந்து புறப்பட்டு, மூக்கை ஒட்டிய மேல்மூலைக்கு வந்து, அங்குள்ள சிறு வளையத்தினூடே நுழைந்து, திரும்பிச் சென்று விழியின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு திசை மாறுவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அதே ஏற்பாடுதான். இத்தசை விழியைக் கீழ்நோக்கித் தாழ்த்துகிறது. அத்துடன் விழியின் உச்சியை மூக்குப் பக்கமாகச் சிறிது உருட்டவும் செய்கிறது. இதற்கென்றே மூளையிலிருந்து தனி நரம்பு ஒன்று வருகிறது. மூளைத் தண்டின் முதுகுப்புறத்திலிருந்து கிளம்பி, நெடுந்தூரம் சுற்றி வரும் மெல்லிய நரம்பு அது. ஆகவே தலையில் அடிபட்டால் அது எளிதில் பழுதடையும். சிலருக்குப் பிறவியிலேயே இத்தசை வலுக்குறைந்திருப்பதும் உண்டு.

கண் உருளுவதாவது என்று ஐயுறுவோர் கண்ணாடிமுன் நின்று, வெண்விழியில் ஓடும் சிறு செந்நரம்பு ஒன்றைக் குறித்துக்கொண்டு, தலையை மெல்லச் சாய்த்துப் பார்க்கலாம். தலை சாயும் அளவுக்கு விழி சாயாது. அது சிறிதளவு எதிர்ப்புறமாக உருளும். உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு இட்ட கட்டளை அது.

இப்போது ஒருவருக்கு வலக்கண்ணின் மேல்சாய்தசை தளர்ந்துவிட்டதாகக் கொள்வோம். தலையை வலத் தோள்பக்கம் சாய்த்தால், வலவிழியின் உச்சி மூக்கை நோக்கி உருள வேண்டும். இவ்வேலையைச் செய்வோர் இருவர்: மேல்சாய்தசையும் மேல்நேர்தசையும். உருட்டுவதில் இருவரும் கூட்டாளிகள். ஆனால் ஒருவர் விழியைத் தாழ்த்துவார், மற்றவர் உயர்த்துவார். ஆகையால் இருவர் இழுப்பும் சரியாகிவிடும். கூட்டாளி ஒருவர் தளர்ந்ததும் மற்றவர் இழுப்பே மிஞ்சி, விழி மேலேறுகிறது. உருவங்கள் மேலும் கீழுமாக இரண்டு தெரிகின்றன. இடப்பக்கம் சாய்த்தாலோ, தளர்ந்த தசைக்கு வேலையில்லை. பிள்ளை இதனை யாரும் கற்பிக்காமலே கண்டுகொள்கிறது.

இந்த உண்மையை நோயறியும் சோதனையாக்கியவர் ஜெர்மானியக் கண்மருத்துவர் ஆல்ஃபிரெட் பீல்ஷோவ்ஸ்கி. ஹோப்மன் என்பவரோடு சேர்ந்து 1900-இல் அதனை எழுதி வெளியிட்டார். யூதர் என்பதற்காக 1930-களில் தம் பதவியை இழந்து, அமெரிக்காவில் குடியேறி, 1940-இல் காலமானார். ஒரு நாடு தன் ஆசான்களை இப்படியும் துரத்தியிருக்கிறது. பின்னர் 1958-இல் அமெரிக்கரான மார்ஷல் பார்க்ஸ் இச்சோதனையை மூன்று கேள்விகளாக ஒழுங்குபடுத்தினார். எந்தக் கண் உயர்ந்திருக்கிறது? எப்பக்கம் பார்க்கையில் அது மிகுகிறது? எத்தோள்பக்கம் சாய்க்கையில் மிகுகிறது? கண்களை மேலும் கீழும் அசைக்கும் தசைகள் இரு கண்ணிலும் சேர்த்து எட்டு. முதற்கேள்வியில் அவை நான்காகும், அடுத்ததில் இரண்டாகும், மூன்றாவதில் ஒன்றே எஞ்சும். கணக்கு வாத்தியார்களுக்குப் பிடித்தமான முறை!

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், நான்காம் வகுப்பில், 'கோணக்கழுத்தன்' என்று தோழர்கள் கேலிசெய்த மாணவன் ஒருவன் இருந்தான். தலையை நேராக நிறுத்தி வாசிக்கச் சொன்னால் வரி தவறி வாசிப்பான், அடியும் வாங்குவான். விருப்பம்போல் விட்டுவிட்டால் தடங்கலின்றி வாசிப்பான். ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னபோது அவன் தலை தானே நிமிர்ந்தது. கண்மருத்துவரும் அதே சோதனையைத்தான் முதலில் செய்தார். பல சமயங்களில் கழுத்துக் கோளாற்றையும் கண் கோளாற்றையும் பிரித்தறிய இது உதவும். கழுத்துத் தசை இறுகியிருந்தால் கண்ணை மூடினாலும் தலை நிமிராது.

இக்குறையைக் கவனியாது விட்டால், நாளடைவில் முகத்தின் இரு பாதியும் ஒத்து வளராமற் போகலாம். சிறு குறைக்குப் பட்டகக் கண்ணாடி போதும். பெரிதானால் கண் தசையில் அறுவைச் சிகிச்சை செய்வர். பெரியவர்களுக்குத் திடீரென்று இரட்டைப் பார்வை தோன்றி, படியிறங்கவும் தடுமாற்றம் ஏற்பட்டால், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நீரிழிவோ, இரத்த அழுத்தமோ, தலையில் பட்ட அடியோ, அரிதாக மூளையில் கட்டியோ காரணமாயிருக்கலாம்.

அப்போது மருத்துவர் சில வேளைகளில் நோயாளியின் பழைய புகைப்படங்களைக் கேட்பார். ஐந்து வயதில் எடுத்த படத்திலும் தலை அதே பக்கம் சாய்ந்திருந்தால், குறை பிறவியிலேயே இருந்து இப்போது வெளிப்பட்டிருக்கிறது என்று கொள்ள அது நல்ல சான்று. புதிய நோயோ என்ற அச்சமும் பெரிதும் குறையும்.