கங்கைகொண்ட சோழபுரம்: கோயில் பார்த்தாச்சு, தலைநகரம் எங்கே?

ஜெயங்கொண்டத்தில் இருந்து சுமார் 10 கி.மீ. வருகிற பலரும் விமானத்தின் முன் ஒரு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுறாங்க. ஆனால் இது முதலாம் ராஜேந்திரன் உருவாக்கிய தலைநகரம்; சோழர்கள் 250 ஆண்டுகள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். அந்த நகரம் எங்கே போச்சு? கைடு இல்லாமலே நடந்து தேடலாம்.

கிழக்கு வாசலில் தொடங்குங்க. மேல்பகுதி இல்லாமல் நிற்கும் கோபுரம்தான் முதல் தடயம். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, இங்கிருந்த மதிலைப் பெயர்த்து கல் கொண்டுபோனார்கள். வயலுக்குத் தண்ணீர் வந்தது, கோயிலுக்கு மதில் போனது.

உள்ளே அவசரப்படாதீங்க. வடக்குப் படிக்கட்டு அருகே, பார்வதி பக்கத்தில் இருக்க, சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றும் சிற்பம் இருக்கு. கைகூப்பி இருப்பது ராஜேந்திரனேதான் என்று சொல்பவர்களும் உண்டு. கொஞ்சம் தள்ளி சிங்கக் கிணறு.

அடுத்து, தென்மேற்கே 2 கி.மீ. தூரத்தில் மாளிகைமேடு. யுனெஸ்கோ 2004-ல் பட்டியலில் சேர்த்தது கோயிலைத்தான். அரண்மனை இருந்தது இங்கே. மாநிலத் தொல்லியல் துறை தோண்டியதில் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. முதல் பார்வைக்கு வெறும் செங்கல் வரிசை மாதிரிதான் தெரியும். அரண்மனையில் மிச்சம் இதுதான்.

மதியம் நடை சாத்திடுவாங்க. காலையிலேயே போயிடுங்க, தண்ணீர் பாட்டிலோடு.