கணினிக் கோப்புகளும் தமிழ்ப் பெயர்களும்

சித்தியவான் என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று வினவினால், தமிழ்ப்பள்ளியில் பயிலும் சிறுவனும் ஆறு என்று விடை கூறுவான். அதே பெயரைச் சி மொழியில் எழுதிய நிரலிடம் கொடுத்து நீளத்தைக் கேட்டால் 33 என்று வரும். இவ்விரு விடைகளுக்கும் இடையே உள்ள தொலைவு வெறும் வேடிக்கையன்று. தமிழில் பெயரிட்ட கோப்புகள் சில வேளைகளில் கண்ணெதிரே இருந்தும் கைக்கு அகப்படாமற் போவது இத்தொலைவினாலேயே.

எந்த நிரலும் வட்டைத் தானே தொட்டு எழுதவோ படிக்கவோ இயலாது. வட்டையும் நினைவகத்தையும் காத்து நிற்பது இயங்குதளத்தின் உட்பகுதியாகிய கெர்னல். வேண்டியதை அதனிடம் விண்ணப்பித்தே நிரல் பெறவேண்டும். அவ்விண்ணப்பத்துக்கு முறைமை அழைப்பு என்று பெயர். பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்க்கு இஃது புதிய ஏற்பாடன்று. தொழிலாளி ஸ்டோருக்குள் தாமே புகுந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆபீசில் கிராணியாரிடம் கேட்பார். அவர் செக்ரோலைப் புரட்டிப் பெயரைக் கண்ட பின்னரே காரியம் நடக்கும்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ், 1973இல் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அன்று அவர்கள் அமைத்த அழைப்புகளே சிற்சில மாற்றங்களுடன் இன்றைய லினக்ஸிலும் வழங்குகின்றன. ‘ஓபன்’ என்ற அழைப்புக்குக் கோப்பின் பெயரையும், படிக்கவா எழுதவா என்ற நோக்கத்தையும் சொல்லவேண்டும். கெர்னல் இசைந்தால் ஒரு சிறு எண்ணைத் திருப்பித் தரும். 0, 1, 2 ஆகியவை உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழைச் செய்திக்கும் முன்னரே ஒதுக்கப்பட்டவையாதலால், முதலில் திறக்கும் கோப்புக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். அவ்வெண் ஒரு வில்லை போன்றது. ‘ரீட்’, ‘ரைட்’, ‘குளோஸ்’ ஆகிய அழைப்புகளுக்கு வில்லையைக் காட்டினால் போதும். பெயரை மீண்டும் கேட்பாரில்லை. கெர்னல் மறுத்தாலோ -1 என்று விடை வரும். காரணம் ‘எர்னோ’ என்ற மாறியில் இருக்கும்.

பயில்வோர் பலர் இவ்விடைகளைப் பாராமலே விட்டுவிடுகின்றனர். ‘ரைட்’ அழைப்பு, எழுதச் சொன்ன அனைத்தையும் எழுதியே தீரும் என்பதில்லை. எத்தனை பைட்டுகள் எழுதினேன் என்று மட்டுமே அது சொல்லும். வட்டு நிறைந்திருந்தால் பாதி எழுதி நின்றுவிடும். கேளாத நிரல், கணக்கு முழுதும் பதிவாயிற்று என்றே எண்ணிக்கொண்டிருக்கும்.

இனி அடைவைக் காண்போம். அடைவு என்பதும் ஒருவகைக் கோப்பே. செக்ரோலில் பெயரும் எண்ணும் இருப்பதுபோல் அதில் இருப்பவை பெயரும் ஐநோடு என்னும் எண்ணும் மட்டுமே. கோப்பின் அளவு, உரிமையாளர், திருத்திய நாள், வட்டில் கிடக்கும் இடம் யாவும் ஐநோடைச் சார்ந்தவை. அளவு, நாள் முதலியவற்றை ‘ஸ்டாட்’ அழைப்பால் அறியலாம். ஆகவே ஓர் எண்ணுக்கு இரு பெயர்கள் இருக்கவும் கூடும்; ‘லிங்க்’ அதைச் செய்கிறது. ‘அன்லிங்க்’ ஒரு பெயரை அடிக்குமேயன்றிக் கோப்பை அழிப்பதில்லை. கடைசிப் பெயரும் நீங்கி, அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் இல்லாதபோதே இடம் விடுபடும்.

தொடக்கத்து யூனிக்ஸில் அடைவின் ஒவ்வொரு பதிவுக்கும் 16 பைட்டுகள்: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. 1983இல் பெர்க்லி வெளியிட்ட யூனிக்ஸ் பெயரின் எல்லையை 255 பைட்டாக உயர்த்தியது. அடைவைப் படிக்க ‘ஓபன்டிர்’, ‘ரீட்டிர்’ என்பனவும் அதனுடன் வந்தன. இவை இரண்டும் சரியாகச் சொல்லின் முறைமை அழைப்புகள் அல்ல. அவற்றை உள்ளே வைத்துக் கட்டிய நூலகச் செயற்கூறுகள்.

பெயரைப் பொறுத்தவரை கெர்னலுக்கு எழுத்தறிவு கிடையாது. சாய்கோடும் சுழியப் பைட்டும் தவிர எதையும் ஏற்கும். 1992இல் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறை, பிற மொழி எழுத்துகளின் பைட்டுகளில் அவ்விரண்டும் ஒருபோதும் தோன்றாதவாறு அமைந்தது. அதனால் கெர்னலை மாற்றாமலே தமிழ்ப் பெயர்கள் அதில் புகுந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலந்தொட்டு யூனிகோடு பரவும்வரை, ஓர் எழுத்துருவில் இட்ட பெயர் மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதை நினைத்தால் இப்பயன் சிறிதன்று.

யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. சித்தியவானுக்குக் குறியீடு 11. அதனாலேயே 33 பைட்டு. பழைய 14 பைட்டு எல்லைக்குள் ‘சித்’ மட்டுமே அடங்கியிருக்கும். 255 பைட்டில் 85 குறியீடுகள் அடங்கும். ஆண்டறிக்கையின் தலைப்பு முழுவதையும் பெயராக இடுவோர்க்கு இது போதாது. மிஞ்சியதை நிரல் கண்ணை மூடிக்கொண்டு 255இல் வெட்டுவதும் தகாது. ‘ஏ’, ‘பி’ போன்ற ஒரு பைட்டு எழுத்துகளும் கலந்த பெயராயின் வெட்டு ஒரு தமிழ்க் குறியீட்டின் நடுவே விழலாம்.

பெருந்தொல்லை வேறிடத்தில் உள்ளது. சித்தியவான் அதற்குத் தப்பியது, ஈப்போ தப்பவில்லை. ‘போ’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேற்றுமை தெரியாது. முன்னது 15 பைட்டு, பின்னது 18. இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் தீர்ப்பு. கெர்னலோ பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால், ஒரே அடைவில் இரண்டு ‘ஈப்போ’க்கள் அமரும், ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றது கிட்டாது. ஆப்பிள் நிறுவனம் 1998இல் கொணர்ந்த கோப்பு முறைமை பெயரைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்குப் படியெடுத்த கோப்பு இவ்வாறு மறையக்கூடும். தோட்டம், கோயில், பொங்கல், சொத்து ஆகிய எல்லாச் சொற்களும் இவ்வகையினவே. மூடிய தோட்டங்களின் பதிவேடுகளைப் படமெடுத்துச் சேர்ப்போர் இதனை அற்பமாகக் கருதலாகாது. பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்து மாறியதால் அலைந்த குடும்பங்கள் இதை எளிதில் உணரும்.

பரிகாரம் நிரலெழுதுவோர் கையில் உள்ளது. புதுக்கோப்பை உண்டாக்குமுன் பெயரை ஒரே வடிவுக்குக் கொணர வேண்டும். ஐசியு போன்ற நூலகங்கள் அதற்கு உண்டு. பழைய கோப்பு அகப்படாவிடில் ‘ரீட்டிர்’ தரும் பெயர்களை ஒவ்வொன்றாக அவ்வடிவுக்கு மாற்றி ஒப்பிட வேண்டும். பொருந்தியதைத் திறக்கும்போது, அடைவு தந்த பைட்டுகளையே மாற்றாமல் ‘ஓபனுக்கு’த் தரவேண்டும், பலர் தவறுவது இங்கேதான். 2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.2, வேண்டுவோர் அடைவுதோறும் இவ்வொப்பீட்டைக் கெர்னலிடமே விடுவதற்கு வழி செய்தது. தானாக அது நிகழாது.

‘ரீட்டிர்’ அகரவரிசையிலும் பெயர்களைத் தருவதில்லை. பைட்டு வரிசைப்படி அடுக்கினாலும் ‘கவிதை’க்கு முன்னே ‘கழகம்’ வந்து நிற்கும். யூனிகோடில் வகரத்துக்கு முன் ழகரம் இருத்தலே காரணம். ‘ஸ்டிர்காம்ப்’ இதற்கு உதவாது. ‘ஸ்டிர்கால்’ உதவும், அதுவும் தமிழுக்குரிய அமைப்பு கணினியில் நிறுவப்பட்டு, நிரல் அதனை ஏற்றிருந்தால் மட்டுமே.