தந்தைப் பூச்சியின் சுரப்பிகள்

பட்டின் வரலாற்றைக் கூறுவோர் புழுவோடு தொடங்கிக் கூட்டோடு முடித்துவிடுகின்றனர். கூட்டைத் துளைத்து வெளிவரும் பூச்சியைப் பற்றிப் பேச்செழுந்தாலும் பெருமை முழுவதும் தாய்க்கே போய்ச் சேருகிறது. இதற்கு ஒருவகையில் லூயி பாஸ்டரே காரணம் என்பேன். 1865-இல் தென் பிரான்சின் அலே நகரில் பட்டுப்புழுக்களை அழித்துவந்த பெப்ரின் நோயை ஆராயப் புகுந்த அவர், அந்நோய் தாயிடமிருந்து முட்டைக்குச் செல்வதைக் கண்டார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை வகுத்தவர் அவரே. பிரெஞ்சு வழங்கிய நம் புதுச்சேரியில் பாஸ்டரின் பெயர் மாணவர்களுக்குப் புதிதன்று. பட்டுப்புழு முட்டைகளை உண்டாக்கி உழவர்க்கு வழங்கும் வித்தகங்களில் அவர் முறை இன்றும் வழங்குகிறது.

அங்கே ஆண்பூச்சிக்கு வேறு விதி. சில மணி நேரம் பெண்ணோடு இணையவிட்டபின் அதனைப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, பின்னர் மற்றொரு பெண்ணோடு இணைக்கின்றனர். எத்தனை முறை இவ்வாறு செய்யலாம்? விடை பூச்சியின் வயிற்றுக்குள் இருக்கிறது.

மாணவர்களோடு நான் அதனை மெழுகுத் தட்டில் விரித்துப் பார்த்திருக்கிறேன். முதலில் தெரிபவை இரண்டு விந்தகங்கள். பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் இவை கூட்டுப்புழுப் பருவத்தில் ஒன்றாகிவிடும். பட்டுப்பூச்சியிலோ தனித்தனியே நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நாளம் இறங்கி, விந்துப்பையாகப் பருத்து, நூல்போல் நீண்ட துணைச் சுரப்பியோடு சேருகிறது. இருபுறத்து நாளங்களும் பின்னர் ஒரே குழாயாகின்றன.

விந்தணுக்களிலும் இருவகை உண்டு. ஒன்றுக்கு உட்கரு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. உட்கருவற்றது கருவை உண்டாக்காது. எனினும் அது பழுதானால், உட்கரு உடையதும் பெண்ணின் விந்து சேமிக்கும் பைக்குப் போய்ச் சேருவதில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர் 2019-இல் காட்டினர். பயனற்றதென்று ஒதுக்கப்பட்டதே வழித்துணையாக நிற்கிறது!

உட்கரு உடைய விந்தணுக்கள் கட்டுக்கு 256 வீதம் அசைவின்றிக் கிடக்கும். அவற்றை எழுப்புவது பொதுக்குழாயின் கடைப்பகுதிச் சுரப்பு. அதிலுள்ள நொதி பட்டபின் அக்கட்டுகள் பிரிகின்றன. அவற்றைப் பொதிந்து பெண்ணுக்கு அளிக்கும் உறையும் ஆணின் சுரப்புகளால் ஆவதே. ஆகவே விந்தணு எவ்வளவு மிகுந்திருப்பினும் சுரப்பு வற்றினால் பயனில்லை.

கூட்டைவிட்டு வந்த பூச்சியோ உண்பதில்லை. புழுவாயிருந்தபோது தின்ற மல்பெரி இலையே அதன் முழுச் சேமிப்பு. ஓய்வு தந்தால் அச்சேமிப்பிலிருந்து சுரப்பிகள் ஓரளவு மீண்டும் நிறையும். ஓய்வின்றி இணைத்தால் பொரியாத முட்டைகள் பெருகும். எனவேதான் பொதுவாக இரண்டாம் முறையோடு ஆணை நிறுத்திவிடுகின்றனர். அதற்குமேல் ஆசைப்பட்டால் நட்டம் வித்தகத்தில் தெரியாது. முட்டைகளை விலைகொடுத்து வாங்கிச்சென்று, இலை பறித்து வைத்துக்கொண்டு, புழு பொரியுமென்று காத்திருக்கும் உழவர் வீட்டில்தான் தெரியும்.