தொடை எலும்பின் தலையும் சில மில்லிமீட்டர்களும்

கிணறு வெட்டும் இடத்திலோ காட்டுப் புதரின் ஓரத்திலோ கிடைத்த எலும்புகளைப் போலீஸார் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து சட்ட மருத்துவரின் மேஜைமீது வைக்கும்போது, இவை மனித எலும்புகள்தாமா என்ற முதற் சந்தேகம் தீர்ந்த மாத்திரத்தில் எழும் அடுத்த வினா, மாண்டவர் ஸ்திரீயா புருஷரா என்பதே. அதற்கு விடை கிடைத்துவிட்டால், காணாமற்போனவர்களின் பட்டியலில் ஒரு பெரும் பகுதியை அப்போதே அடித்துவிடலாம்.

உடலின் அஸ்திகள் யாவற்றிலும் இவ்விஷயத்தில் முதன்மையான சாட்சி இடுப்பெலும்பு. சிசுவின் தலைக்கு வழிவிட வேண்டியிருப்பதால், பெண்ணின் இடுப்பு அகன்றும், அதன் முன்புறத்து வளைவு விரிந்தும் அமைகிறது. வில்டன் குரோக்மன் என்ற அமெரிக்க நிபுணர் 750 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து, இடுப்பெலும்பு மட்டும் கிடைத்தால் 100க்கு 95, மண்டையோடு மட்டும் கிடைத்தால் 92, கைகால்களின் நீண்ட எலும்புகள் மட்டும் கிடைத்தால் 80 என்ற அளவில் தம் நிர்ணயம் சரியாயிருந்ததாக எழுதினார். இவையெல்லாம் வளர்ந்தவர்களுக்கே பொருந்தும். பருவமெய்தாத பிள்ளைகளின் எலும்புகளில் பேதம் அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் மண்ணும் மழையும் நரியும் முந்திக்கொள்ளும்போது, இடுப்பின் முன்புறத்திலுள்ள மெல்லிய பூப்பென்புதான் முதலில் சிதைகிறது. கெட்டியான தொடை எலும்போ பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது. அதன் மேல்முனையில், இடுப்புக் குழியில் பொருந்திச் சுழலும் உருண்டைத் தலையைக் காலிப்பரின் இரு தாடைகளுக்கிடையே பிடித்து, மெல்லத் திருப்பித் திருப்பி அதன் மிகப் பெரிய விட்டத்தைக் காண வேண்டும். அந்த விட்டம் 42.5 மி.மீ.க்குக் குறைந்தால் பெண், 47.5க்கு மேற்பட்டால் ஆண், 43.5க்கும் 46.5க்கும் இடைப்பட்டால் எதையும் நிச்சயிப்பதற்கில்லை என்று, தாமஸ் டேல் ஸ்டூவர்ட் 1979இல் வெளியிட்ட தம் நூலில் வகுத்தார். இடையில் அவர் விட்டுவைத்த அந்த 3 மில்லிமீட்டர் மௌனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். தெரியாததைத் தெரியாதென்று நீதிமன்றத்தில் சொல்லும் திராணி, ஒரு நிரபராதியைக் காக்கக் கூடியது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. அவ்வெல்லைகள் அமெரிக்க எலும்புகளை அளந்து கண்டவை. சிறுத்த உடலமைப்புள்ள ஜனங்களிடையே பிறந்த ஓர் ஆடவனின் தொடை எலும்பை அதே கோலால் அளந்தால், அவன் பெண்ணாகக் குறிக்கப்பட்டு, அவனைத் தேடும் குடும்பத்தாருக்கு அவன் செய்தி எட்டாமலே போய்விடக் கூடும். பல அளவுகளுக்கு வெவ்வேறு எடை கொடுத்துக் கூட்டி ஒரே எண்ணாக்கும் முறையை 1936இல் ரொனால்டு ஃபிஷர் வகுத்தளித்ததும், பின்னர் அம்முறை மண்டையோடுகளுக்குப் பிரயோகிக்கப்பட்டதும் பேருதவியே. ஆயினும் அக்கணக்கும் எந்த ஜனங்களின் எலும்புகளிலிருந்து பிறந்ததோ அவர்களுக்கே நன்கு பொருந்தும். ஆதலால்தான் நம் மருத்துவக் கல்லூரிகளில் நம்மவர் எலும்புகளையே அளந்து தனி எல்லைகள் காண்கிறார்கள்.

உழும்போதோ குழி தோண்டும்போதோ எலும்பு தென்பட்டால், மண்டையோட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதை மண்வெட்டியால் கிளறிவிடாமல், எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்புங்கள். மருத்துவருக்கு மிகவும் வேண்டிய அந்த மெல்லிய பூப்பென்பு அந்த மண்ணுக்குள்தான் கிடக்கும்.